பீரோ மேல் இருந்த டப்பா

ஓசூர் சிப்காட்டில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவன் நான். டேக்கில் நேரம் எழுதாமல் வரும் லாட்டை 'ஹோல்டு' போட்டுவிடுவேன். அப்ரண்டிஸ் பையன்கள் முதுகுக்குப் பின்னால் 'டேக் மாமா' என்பார்கள். உள்ளூர எனக்கு அதில் பெருமைதான்.

அக்காவின் மார்பில் இருந்த கட்டியை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எடுத்தார்கள். சின்ன ஆஸ்பத்திரிகளில் எடுத்த சதையை ஃபார்மலின் டப்பாவில் போட்டு வீட்டு ஆளிடமே கொடுத்து, "லேபில் சேர்த்துடுங்க" என்பது வழக்கம். லேப் பூட்டியிருந்தது. மறுநாள் ஞாயிறு. திங்களும் செவ்வாயும் பொங்கல். டப்பா எங்கள் பீரோ மேல் ஏறியது. "ஊறினா கெடாது" என்று மனைவிக்கு விளக்கம் வேறு.

புதன்கிழமை லேப் பெண் கேட்டாள்: "எத்தனை மணிக்கு எடுத்ததுண்ணா?" டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெயர் இருந்தது, வயது இருந்தது. நேரம் இல்லை.

லேபில் அந்தச் சதையில் தேடியது ஹெர்2 என்ற புரதத்தை. அதற்கான மரபணு 17ஆவது குரோமோசோமில் இருக்கிறது. சாதாரணமாகச் செல்லுக்கு 2 பிரதி. சில மார்பகப் புற்றுகளில் அது பல மடங்கு பெருகி, செல்லின் மேற்பரப்பெல்லாம் ஹெர்2 மண்டிவிடும். அப்படிப்பட்ட கட்டி சீக்கிரம் திரும்பி வருகிறது என்று ஆய்வாளர் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் 1987இல் எழுதினார்கள். அதே புரதத்தைக் கவ்விப் பிடிக்கும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சாயம் ஏற்றிய ஸ்லைடில் 3+ வந்தால் மருந்து உண்டு. 0, 1+ என்றால் இந்த மருந்துக்கு வேலையில்லை. ஆனால் சாயத்தை நம்ப வேண்டுமானால் சதையை உடனே கீறி, ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம்வரைதான் வைக்க வேண்டும். கீறாவிட்டால் ஃபார்மலின் மணிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். நான் வாசலில் கரும்பு கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த உருண்டையின் நடுப்பகுதி நைந்துகொண்டிருந்திருக்கிறது.

ரிப்போர்ட்டில் 2+. "மூணுக்கு ரெண்டு, பரவாயில்லக்கா" என்றேன், பரீட்சை மார்க் மாதிரி. 2+ என்றால் முடிவு சொல்ல முடியவில்லை என்று அர்த்தமாம். மரபணுப் பிரதிகளையே எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை வேண்டும் என்றார் டாக்டர். பணம் பிடுங்குகிறார்கள் என்று முணுமுணுத்துவிட்டுப் பெங்களூரு போனேன். ஃபைல், எக்ஸ்ரே, ஆதார் ஜெராக்ஸ் எல்லாம் கையில். "சதையை வார்த்த மெழுகுக் கட்டை எங்கே சார்?" என்றார்கள். அது ஓசூர் லேபிலேயே இருந்தது. அத்திப்பள்ளி டிராஃபிக்கில் நின்று நின்று திரும்பினேன்.

அந்தச் சாலையில்தான் பொம்மசந்திரா. அங்கே பெரிய வளாகம் வைத்திருக்கும் பயோகான், மூல மருந்தைவிடக் குறைந்த விலையில் டிராஸ்டுசுமாபை 2014இல் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எத்தனையோ தடவை அந்த வழியே பஸ்ஸில் போயிருக்கிறேன், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு.

ஃபிஷ்ஷில் மரபணு பெருகியிருப்பது உறுதியானது, மருந்து ஆரம்பித்தார்கள். அது இதயத்தைத் தொடலாம் என்பதால் 3 மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்க வேண்டும். "டேய், அந்தத் தேதியை நானே குறிச்சுக்கறேன்" என்றாள் அக்கா.

உங்கள் கையில் இப்படி ஒரு டப்பா வந்தால், எடுத்த நேரத்தை அதன் மேல் எழுதி வாங்குங்கள். அன்றைக்கே திறந்திருக்கும் லேபைத் தேடிச் சேர்த்துவிடுங்கள். 2+ வந்தால் ஃபிஷ் பார்க்காமல் விடாதீர்கள். மறக்காமல் மெழுகுக் கட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.