தாத்தா படமும் தேதி காலண்டரும்

ஆர்ட் டைரக்டர் செட் வீட்டை வரைந்து கொடுப்பார். தச்சர்கள் பிளைவுட்டில் சுவர் எழுப்புவார்கள். நாற்பது வருஷத்து அழுக்கை பெயின்டர் ஒரே ராத்திரியில் பூசிவிடுவார். அதன்பிறகு அந்த வீட்டில் குடித்தனம் வைப்பது நானும் என் ஐந்து பையன்களும். பால் காய்ச்சுவது ஒன்றுதான் பாக்கி.

போன வாரம் ஒரு சீரியல் வீடு. ‘ஏழைக் குடும்பம், சார்’ என்று சொல்லி எட்டு பேர் உட்காரும் தேக்கு டேபிள் கேட்டார்கள். போட்டோம். செத்துப்போன தாத்தாவுக்கு ஒரு படம் வேண்டுமாம். லைட்மேன் அண்ணனுக்குச் சட்டை மாற்றி, போட்டோ எடுத்து, பொட்டு வைத்து, சந்தன மாலை போட்டு மாட்டினோம். அவர் கீழே நின்று டீயை உறிஞ்சியபடி, ‘மாலை கொஞ்சம் கோணலா இருக்கு’ என்றார்.

கதையில் அன்று செவ்வாய்க்கிழமை. ஷூட்டிங் ஒன்பது நாள். புதுப்பையன் தினமும் காலையில் பயபக்தியோடு தேதி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்திருக்கிறான். ஒரே அழுகைக்குள் செவ்வாய், புதன், வியாழன்!

‘நாயகன்’ படத்துத் தாராவியும் சென்னையில் போட்ட செட்தான். அதற்கு ஆர்ட் டைரக்டர் தோட்டா தரணி தேசிய விருது வாங்கினார். எங்களுக்குக் கிடைத்தது குப்பைக்கூடையில் பொறுக்கிய தாள்களும் ஒரு டப்பா பசையும்.

பேக்கப் ஆனதும் லைட்மேன் அண்ணன் அந்தப் படத்தை வீட்டுக்குக் கேட்டார். கன்டினியூட்டி இருக்கிறது, தர முடியாது என்றேன்.