அழித்த வரி எங்கே போகிறது?

கேள்வி: அரிசி ஆலைக் கணக்கைப் போஸ்ட்கிரெஸ்ஸில் வைத்திருக்கிறோம். பழைய பற்றுச்சீட்டுகளில் பாதியை அழித்தேன். டிஸ்கில் இடம் கொஞ்சமும் மிஞ்சவில்லையே? (பரந்தன்)

பதில்: காலபோக அரிவி வெட்டு முடிந்ததும் வயல் சுருங்கிவிடுமா? அதே வரம்புக்குள்தானே சிறுபோகமும் விதைக்கிறோம்! டிலீட் கொடுத்த வரி செத்ததாகக் குறிக்கப்படும், ஆனால் கோப்பிலேயே கிடக்கும். அப்டேட்டிலும் பழைய வரி அப்படித்தான் தங்கும். வேக்யூம் ஓடியபின் அந்த இடத்தில் புதிய வரிகள் குடியேறும். கோப்பின் கடைசிப் பக்கங்கள் முழுதாக வெறுமையானால்தான் டிஸ்குக்கு ஏதும் திரும்பும். அடுத்த போகத்துக் கொள்வனவு அந்த இடத்தை நிரப்பிவிடும் என்றால் கவலையே வேண்டாம்.

கேள்வி: எவ்வளவு வீணாகிறது என்று எப்படி அறிவது? (வவுனியா)

பதில்: அளந்து பார்க்காமல் கை வைக்காதீர்கள். பிஜிஸ்டாட்டப்பிள் என்ற நீட்சியை நிறுவுங்கள். அது டேபிள் முழுவதையும் வாசித்து, செத்த வரிகளின் வீதத்தையும் வெற்றிடத்தின் வீதத்தையும் தனித்தனியாகச் சொல்லும். செத்தது அதிகம் என்றால் வேக்யூம் பின்தங்கிவிட்டது. வெற்றிடம் அதிகம் என்றால் வேக்யூம் தன் வேலையைச் செய்துவிட்டது, குடியேறத்தான் வரிகள் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் தேவையில்லாத வைத்தியம் செய்கிறார்கள். பெரிய டேபிள் என்றால் நெல் லொறிகள் வராத இரவில் ஓட்டுங்கள்.

இன்டெக்ஸுக்கு பிஜிஸ்டாட்இன்டெக்ஸ் இருக்கிறது. அது காட்டும் இலை அடர்த்தி, புதிதாகக் கட்டிய பி-ட்ரீயில் 90 வீதத்தை ஒட்டி இருக்கும். ஒழுங்கில்லாமல் வரும் எண்களால் 70 அளவுக்கு இறங்குவது இயல்பு. 40க்குப் போய்விட்டால் மீளக் கட்டுங்கள்.

கேள்வி: வேக்யூம் தினமும் ஓடுகிறது, செத்த வரிகள் குறையவே இல்லை! (முல்லைத்தீவு)

பதில்: யாரோ ஒரு வரியை மாற்றிவிட்டு, கமிட் கொடுக்காமல் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறார். அவர் தொடங்கியபின் செத்த வரி எதையும் வேக்யூம் தொடாது. பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் மிகப் பழைய பரிவர்த்தனையைத் தேடுங்கள். கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட்டும் இதே வேலையைச் செய்யும்.

கேள்வி: வேக்யூம் ஃபுல் கொடுத்தால் முடிந்ததுதானே? (கிளிநொச்சி)

பதில்: அது முடியும்வரை அந்த டேபிளை வாசிக்கக்கூட முடியாது. புதுப் பிரதி எழுத டிஸ்கில் மேலதிக இடமும் வேண்டும். இடமே இல்லாதவரிடம் இடம் கேட்கும் வைத்தியம் அது! இன்டெக்ஸ் மட்டும்தான் ஊதியிருக்கிறது என்றால், 2019இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் ரீஇன்டெக்ஸ் கன்கரண்ட்லி உண்டு, வேலை நிற்காது. அடிக்கடி மாறும் டேபிளுக்குத் தானியங்கி வேக்யூமின் எல்லையையும் தாழ்த்துங்கள். வழமையான அமைப்பில், பத்து இலட்சம் வரிகள் உள்ள டேபிளில் 200,050 வரிகள் சாகும்வரை அது எழும்பாது.