புறக்கடைக் கோழியின் வரவு செலவு: ஓர் ஆய்வின் முன்னோட்டத்துக்கு ஓர் அறிமுகம்

வீட்டுப் புறக்கடையில் நாலு கோழி வளர்த்தால் லாபமா, நஷ்டமா என்ற கேள்விக்குத் தமிழ் ஆய்வுலகம் இன்றுவரை முறையான விடை காணவில்லை. விடை தெரிந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கோழி வளர்ப்பவர்கள். ஆகவே அவர்கள் சொல்வதைத் தரவு என்று ஏற்கலாமே ஒழிய முடிவு என்று ஏற்க நெறிமுறை இடம் தராது.

முன்னாய்வுகளைப் பார்ப்போம். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், சண்டையில் மாண்ட சேவல் ஒன்றுக்கு எடுத்த நடுகல் இருக்கிறது. காலம் சுமார் 5ஆம் நூற்றாண்டு. கல்லில் சேவலின் உருவம் உண்டு, அது எந்தச் சேரியின் சேவல் என்ற செய்தியும் உண்டு. அந்தச் சேவல் மாதத்துக்கு எத்தனை படி கம்பு தின்றது என்பது பற்றி ஓர் எழுத்துக்கூட இல்லை. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகத் திறந்தே கிடக்கும் இந்த ஆய்வு இடைவெளியை அடைப்பதே கட்டுரையின் நோக்கம்.

பிறநாட்டு ஆய்வுகளில் குறிப்பிடத்தக்கது நார்வேக்காரரான தார்லீஃப் ஷெல்டெருப்-எப்பே 1921இல் எழுதியது. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம், யார் யாரிடம் கொத்து வாங்கிக்கொண்டு பேசாமல் போகவேண்டும் என்பதற்கு ஒரு நிலையான வரிசை உண்டு என்று அவர் நிறுவினார். ஒரே ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கில் மேடை நாற்காலிகள் போடப்படும் விதத்தைக் கவனித்திருந்தால் அவர் கோழிகளிடம் அத்தனை காலம் செலவிட்டிருக்க வேண்டாம்.

ஆய்வு எல்லை: ஒரு புறக்கடை, சில பெட்டைகள், ஒரு சேவல், ஒரு மதில், மதிலுக்கு அப்பால் ஒரு வீடு. கோழிகளின் எண்ணிக்கை காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருப்பதால் அட்டவணை தரவில்லை.

கருதுகோள்: முடிவு தெரிந்தபின் எழுதப்படும்.

ஒப்பீட்டுக்கு நாமக்கல்லை எடுத்துக்கொள்கிறோம். அங்கே கூண்டிலுள்ள முட்டைக்கோழி நாளுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் தின்று ஆண்டுக்கு 300 முட்டை அளவில் இடுகிறது. முட்டை விலையைத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்க, அது நாளிதழில் வருகிறது. நம் நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 வரை இட்டால் பெரிது. அதையும் சீராக இடாது. பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். நாமக்கல்லில் முட்டையின் விலை தெரியும், கோழியின் குணம் தெரியாது. புறக்கடையில் நேர்மாறு.

இங்கேதான் கணிதம் குறுக்கிடுகிறது. ஒரு மாதத்துச் செலவை அம்மாதத்து முட்டைகளால் வகுத்தால் ஒரு முட்டையின் அடக்கவிலை கிடைக்கும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். கோழி அடையில் 21 நாள் கிடக்கும். பொரித்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இன்னும் இரண்டு மூன்று மாதம் திரியும். அந்தக் காலமெல்லாம் முட்டை பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தால் எதையும் வகுக்கக் கூடாது. ஆகவே அந்த மாதங்களில் ஒரு முட்டையின் விலை என்ன என்ற கேள்வியைக் கணிதமே தடைசெய்கிறது. ஆனால் தீனிக் கடைக்காரர் கணிதம் படித்தவர் அல்லர். அந்த மாதத்துக்கும் பணம் கேட்கிறார்.

செலவினங்களில் முதலாவது தீனி. கம்பு, குருணை, தவிடு, வடித்து மிஞ்சிய சோறு. குஞ்சுகளுக்குக் கறையான் பிடித்துக் கொடுப்பது பழைய வழக்கம். பழம்பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் அப்பிக் கிடக்கும். சத்தில் குறையில்லாத இலவசத் தீனி. ஆனால் அந்தச் சாக்கு உண்மையில் கிழிந்ததுதானா, யாரைக் கேட்டு எடுத்தது என்ற விசாரணை வீட்டில் எழுவதால் இதை "இலவசம்" என்ற தலைப்பில் சேர்க்கத் தயங்குகிறோம்.

கூடு: ஏற்கெனவே இருக்கிறது.

மருத்துவம்: வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரு வாரத்தில் புறக்கடை காலி. 1927இல் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இதற்கு இந்தியாவில் ராணிக்கெட் நோய் என்று பெயர். இங்கிலாந்தில் நியூகாசிலில் தென்பட்டதால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. நோய் எங்கள் ஊரில்தான் பிறந்தது என்று இரண்டு ஊர்க்காரர்களும் விழா எடுத்துச் சண்டை போடவில்லை. புலவர்கள் பிறந்த ஊர் பற்றி நம்மவர்கள் எழுதியுள்ள நூல்களோடு இதை ஒப்பிட்டு மகிழலாம். தடுப்பு எளிது: ஏழாம் நாள் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. பிறகு வளர்ந்த கோழிக்கு ஊசி. ஊசியின் விலை பெரிதல்ல. அன்று விடியுமுன் பஞ்சாரத்தைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்பதை வீட்டிலுள்ள ஒருவர் மறந்துவிடுவதும், பிறகு தெருவே சேர்ந்து கோழி துரத்துவதுமான உழைப்புக்குக் கூலி நிர்ணயிக்கப்படவில்லை.

கீரி: வாராக்கடன்.

இனி இவ்வாய்வின் மையச் சிக்கலுக்கு வருகிறோம். நம் வீட்டில் தின்று, மதில் தாண்டி, அடுத்த வீட்டு வைக்கோல் படப்பில் கோழி இட்ட முட்டை யார் கணக்கில் வரவு? இதில் இரண்டு கொள்கைகள் நிலவுகின்றன. தீனி போட்டவருக்கே முட்டை என்பது தீனிக் கொள்கை. இதை முன்மொழிந்தவர் எங்கள் அம்மா (திண்ணை உரை, முதற்பகுதி). எவர் இடத்தில் இட்டதோ அவருக்கே என்பது இடக் கொள்கை. இதன் ஆசான் அடுத்த வீட்டு அத்தை (மதில்மேல் உரை, துணி உலர்த்தும்போது நிகழ்த்தியது, மறுப்புரை, மீன்காரர் முன்னிலையில்). கோழி எங்கே இடுவது என்று தானே தேர்ந்துகொண்டதால் அதன் விருப்பத்தையும் மதிக்க வேண்டும் என்ற மூன்றாவது கொள்கையைக் கல்லூரி விடுமுறையில் வந்த பேத்தி முன்வைத்தாள். இரு தரப்பும் சேர்ந்து அதை நிராகரித்தன. இவ்வளவு காலத்தில் அவை ஒத்துப்போன ஒரே இடம் இது.

படப்பில் கிடைத்தவை எத்தனை முட்டை என்பதில்தான் பாடபேதம் தொடங்குகிறது. "இரண்டு" என்பது அத்தை பாடம். "மூன்று" என்பது பால்காரர் வழியாக நமக்குக் கிடைக்கும் பாடம் (பால்காரர், வாய்மொழி மரபு, அத்தையின் மூத்த மருமகள் இதை ஆதரித்து ரேஷன் கடை வரிசையில் ஆற்றிய உரையின் முற்பகுதி மட்டுமே கிடைக்கிறது, பிற்பகுதி, பில் போடும் இயந்திரம் திடீரென வேலை செய்யத் தொடங்கியதால் மறைந்துபோயிற்று). மூன்றாவது முட்டை இடைச்செருகல் என்று அத்தை தரப்பு உரையாசிரியர்கள் கூறினர். சான்றும் காட்டினர்: முதலிரண்டும் லேசான பழுப்பு, கையில் எடுத்தால் நாற்பது கிராம் இருக்கும், மூன்றாவது வெள்ளை, பருமன். ஓட்டின் நடை வேறுபடுகிறது. பிற்காலத்தவர் எவரோ நாமக்கல் முட்டை ஒன்றைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார் (அத்தையின் இளைய மகன், "மூன்றாம் முட்டை: ஒரு மறுபரிசீலனை", செல்போன் உரையாடல், எதிர்முனையில் இருந்தவர் தூங்கிவிட்டதால் மறுப்பின்றி நிறைவேறியது).

எங்கள் தரப்பு காலக்கணிப்பில் இறங்கியது. நாளாக நாளாக முட்டைக்குள் ஈரம் குறைந்து காற்றறை பெருகும். அதனால் புது முட்டை தண்ணீரில் அடியில் கிடக்கும், பழையது மிதக்கும். குண்டானில் இட்டுப் பார்த்ததில் இரண்டு முட்டைகள் அமிழ்ந்தன. இடைச்செருகல் என்று ஒதுக்கப்பட்ட மூன்றாவதோ நிமிர்ந்து மிதந்தது. அதாவது, பிற்காலத்தது என்று சொல்லப்பட்டதுதான் மூன்றிலும் மிகப் பழமையானது! ஆதி முட்டையை நடை வேறுபாடு காட்டி ஒதுக்கிவிட்டு, பின்னால் வந்தவற்றை மூலம் என்று பதிப்பித்திருக்கிறார்கள். தமிழ்ப் பதிப்புலகில் இதற்கு முன்மாதிரி உண்டா என்று கேட்டு நண்பர்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. மேலும் உறுதிசெய்ய அதை உடைத்துப் பார்க்கலாம் என்ற யோசனை மூக்கின் நலன் கருதிக் கைவிடப்பட்டது.

அமிழ்ந்த இரண்டும் அன்றிரவே முட்டைப் பொரியலாயின. மிதந்தது வாழை மூட்டில் புதைந்தது. மூலப்படிகள் அழிந்துவிட்ட நிலையில் இந்த ஆய்வு எந்தக் கட்டுப்பாடும் இன்றி வளரத் தொடங்கியிருக்கிறது. மறுநாள் அத்தை ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்தனுப்பினார். அதை வரவில் வைப்பதா, ஒப்புதல் வாக்குமூலமாக வைப்பதா என்பது தனி ஆய்வேட்டுக்குரிய பொருள்.

வரவினங்கள் வருமாறு: முட்டை, எரு, குஞ்சு, தேளும் பூரானும் குறைவது. கழிவினம்: கீரைப்பாத்தி, முற்றத்தில் காயவைத்த வடகம்.

சேவலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பெட்டை முட்டையிடச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு பொரிக்க மட்டுமே அது வேண்டும். ஆயினும் பெட்டை முட்டையிட்டு இறங்கிக் கொக்கரிக்கும்போது சேவலும் உடன் கூவி, பெட்டையின் குரலை அமுக்கிவிடுகிறது. கேட்பவருக்கு முட்டையிட்டது யார் என்பதில் ஐயம் தோன்றும். ஆய்விதழ்க் கட்டுரைகளில் முதற்பெயராக நெறியாளர் பெயர் வருவதைக் கண்டு பழகியவர்களுக்கு மட்டும் ஐயம் தோன்றுவதில்லை. சேவலின் தீனியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று வெகுவாக யோசித்து, "நிர்வாகச் செலவு" என்று எழுதியிருக்கிறோம்.

தேய்மானம்: இயந்திரத்துக்கு இத்தனை ஆண்டு என்று தேய்மானம் கணக்கிடுவார்கள். கோழியின் ஆயுள் மருமகன் வரும் தேதியைப் பொறுத்தது. இளம்பெட்டை தப்புவதில்லை. மருமகன் முன்னறிவிப்பின்றி வருபவராதலால் இம்மாறியைக் கட்டுப்படுத்த இயலவில்லை. அன்று குழம்பிலிடப்பட்ட பெட்டையைச் செலவில் வைக்க முற்பட்டபோது, மாப்பிள்ளைக்குச் செய்வதைச் செலவு என்று எழுதுவார்களா என்று கேட்டு அந்த வரியை அம்மா அடிக்கச் சொன்னார். அடித்துவிட்டோம். குழம்பை வரவில் வைக்கலாமா என்று கேட்டோம். அதற்குப் பதில் இல்லை.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நஷ்டம் வருகிறது. ஆனால் இக்கணக்கில் ஒரு பக்கமே இருக்கிறது. தீனி, மருந்து ஆகியவற்றுக்கான பணம் ஆய்வாளரின் சட்டைப்பையிலிருந்து போகிறது. முட்டை விற்ற காசு, சேவல்குஞ்சு விற்ற காசு, கேட்டு வருபவர்களிடம் வாங்கும் அடைமுட்டைக் காசு எல்லாம் அடுப்படியில் ஒரு கடுகு டப்பாவுக்குள் போகின்றன. பள்ளிக்கூடச் சுற்றுலா, திடீர்க் கல்யாண மொய், ஆய்வாளர் கடன் கேட்கும் மாதக் கடைசி ஆகிய சமயங்களில் அந்த டப்பா திறந்து மூடுவது கேட்டிருக்கிறது. உள்ளே எவ்வளவு என்பதே இத்துறையின் திறவாத ஆவணம்.

அதைப் பார்வையிட அனுமதி கோரி என் மனைவியிடம் முறைப்படி விண்ணப்பித்தேன். விண்ணப்பம் ஒரு நிபந்தனையோடு திரும்பிவந்தது: "பரண் மேல கட்டுக் கட்டா கிடக்கே நீங்க எழுதின ஆராய்ச்சிப் புத்தகம், அதை அச்சடிக்க எவ்வளவு ஆச்சு, எத்தனை வித்துச்சு, அந்தக் கணக்கை முதல்ல எழுதிக் காட்டுங்க. அப்புறம் டப்பாவைத் திறக்கலாம்."

மேற்படி தரவுகளைத் திரட்டும் பணி தொடங்கப்படவில்லை.