கவிழ்த்த வாணலியும் கரையானும்: சேலம், நாமக்கல் வட்டாரத்தில் மிஷனரிகள் பட்ட பாடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

மிஷனரிகள் தமிழுக்கு ஆற்றிய தொண்டு பற்றிய ஆய்வேடுகள் அலமாரி கொள்ளாமல் கிடக்கின்றன. அச்சு, அகராதி, உரைநடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஒன்றையும் யாரும் விட்டுவைக்கவில்லை. ஆனால் கடல் கடந்து வந்து ஆண்டுக்கணக்கில் இங்கே அலைந்த இந்த மனிதர்கள் எங்கே விழுந்தார்கள், எதில் நனைந்தார்கள், எந்த ஊரில் திண்ணைகூடக் கிடைக்காமல் நின்றார்கள் என்பது குறித்துப் புலமையுலகம் கனத்த மௌனம் காக்கிறது. அந்த இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம். நிரப்பினால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பது ஆய்வு நெறிக்குப் புறம்பானது.

ஆய்வெல்லை, காலத்தால் 1623 முதல் 1974 வரை. இடத்தால் பழைய சேலம் ஜில்லா. நாமக்கல் 1997-இல் தனி மாவட்டமாகிவிட்டதால், கொல்லிமலையில் 1913-இல் பெய்த மழையை எந்த மாவட்டக் கணக்கில் சேர்ப்பது என்பது தனி ஆய்வுக்கு உரியது. கருதுகோள்: ஆன்மாவைத் தேடி வந்தவர்களை உடம்பு சும்மா விடவில்லை. இதற்கு நெறியாளர் ஒப்புதல் அளித்துவிட்டார். இனிப் படித்துப் பார்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார்.

முதலாவது உறைவிடப் பாடு. இத்தாலியரான சேசுசபைப் பாதிரியார் ராபர்ட் தே நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். காவி உடுத்து, குடுமி வைத்து, பாதக்குறடு போட்டு, ஒரு வேளை மரக்கறிச் சோறு உண்டு சன்னியாசியாக வாழ்ந்தார். இது அவருடைய சபைக்குள்ளேயே பெரிய வழக்காயிற்று. குடுமி மதச் சின்னமா, குல வழக்கமா? பூணூல் போடலாமா? சந்தனம் பூசுவது பூசையா, அலங்காரமா? குளிப்பது சுத்தமா, சடங்கா? 1610-இல் கிளம்பிய புகாருக்காக 1619-இல் கோவாவில் மாநாடே கூட்டினார்கள். அங்கும் தீராமல் விவகாரம் ரோமாபுரி போய்ச் சேர்ந்தது. கடைசியில் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி 1623 ஜனவரி 31-ஆம் தேதி ஆணை பிறப்பித்தார்: நிபந்தனைகளோடு குடுமி இருக்கலாம், நூல் இருக்கலாம், சந்தனம் பூசலாம், குளிக்கலாம். ஒரு மனிதர் குளிக்கலாமா என்று முடிவுசெய்யப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்ட அந்த அறிஞர் பெருமக்களை நமது பாடத்திட்டக் குழுவினர் முன்னோடிகளாகத் தாராளமாகக் கொண்டாடலாம்.

அதே 1623-இல் அந்தக் குடுமிக்குச் சொந்தக்காரர் எங்கே இருந்தார்? மதுரையை விட்டுக் கிளம்பித் திருச்சி, சேந்தமங்கலம் வழியாகச் சேலத்துக்கு வந்திருந்தார். சேந்தமங்கலத்தை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் மரியாதையாகத்தான் நடத்தினார். சேலத்தில் வீடு கொடுக்க ஆளில்லை. நாலு பக்கமும் காற்றடிக்கும் பொதுச் சத்திரத்தில் கிடந்து காய்ச்சலில் விழுந்தார். பிறகுதான் ஒருவர் மனமிரங்கி இடம் கொடுத்தார். சேலத்து நாயக்கரின் சகோதரர் திருமங்கல நாயக்கர் 1625-இல் ஞானஸ்நானம் பெற்ற செய்திக்கு வரலாறுகளில் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. சத்திரத்துக்கு ஒரு வாக்கியம். அந்தச் சத்திரம் ஒழுகியதா இல்லையா என்பது பற்றி ஒரு கருத்தரங்குகூட நடக்காதது வருந்தத்தக்கது. நடத்தினால் மதியச் சாப்பாட்டோடு இரண்டு நாள் ஓட்டலாம்.

பாதக்குறடு பற்றியும் ஒரு சொல். அதில் வார் கிடையாது. கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு குமிழ் நிற்கும். அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். பிடி தளர்ந்தால் கட்டை முன்னே போகும், கால் பின்னே நிற்கும். பிரபுக் குடும்பத்தில் பிறந்த இத்தாலிய விரல்கள் இந்த வித்தையை எப்போது கற்றுத் தேறின, காவிரிக் கரையிலிருந்து சேலம் வரை குறடு காலில் வந்ததா கையில் வந்ததா என்பது பற்றிப் போப்பாண்டவர் ஆணையில் ஒரு குறிப்பும் இல்லை.

உணவுப் பாடு: காரம். தரவுகள் மிகுதியாக இருப்பதால் விரிக்கவில்லை.

நோய்ப் பாடு இங்கே சேர்க்கப்படவில்லை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

முன்னாய்வுகளைப் பொறுத்தவரை, மைசூர்ப் பக்கம் பல்லாண்டு வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா, இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதிய கையெழுத்துப் பிரதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 2,000 வராகனுக்குக் கொடுத்தார். 1816-இல் ஆங்கிலத்தில் நூலாக வந்து பெரும்புகழ் பெற்றது. அதில் கணிசமான பகுதி அவருக்கு முந்தைய கேர்தூ என்ற சேசுசபைப் பாதிரியாரின் எழுத்திலிருந்து எடுத்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். மேற்கோள் குறி இடாமல் எழுதும் மரபு நம் பல்கலைக்கழகங்களில்தான் தோன்றியது என்ற அவதூறு இத்துடன் நீங்குகிறது. துபுவாவுக்காவது வராகன் கிடைத்தது. இன்று பதவி உயர்வுதான்.

ஆடைப் பாட்டுக்கு வருவோம். லண்டனில் ஓவியம் பயின்ற எவ்லின் ஹாரிஸ், இங்கே வந்து ஜெஸ்ஸி பிராண்ட் என்ற மிஷனரியை 1913-இல் மணந்தார். கல்யாணம் முடிந்த கையோடு கொல்லிமலை ஏற்றம். இன்றைய எழுபது கொண்டை ஊசி வளைவுகள் அப்போது கிடையாது. ஒற்றையடிப் பாதையும் டோலியும்தான். வழியில் மழை பிடித்துக்கொண்டது. கல்யாண உடை என்ன கதிக்கு ஆளாகியிருக்கும் என்பதை ஆய்வாளர் ஊகத்துக்கே விட்டுவிடுகிறார். ஒப்பீட்டுக்கு, தென் திருவிதாங்கூரில் ஊழியம் செய்த ரிங்கல்தௌபே 1816-ஐ ஒட்டி ஊரைவிட்டுக் கிளம்பிச் சென்னை வந்தபோது மேல்கோட்டே இல்லை, தலையில் ஓர் ஓலைத் தொப்பி மட்டும். கப்பலேறியவர் என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. தொப்பியும் கிடைக்கவில்லை.

இவ்வாய்வின் உயிர்நாடி இனிமேல்தான். கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட் மர வீடு கட்டினார். மலையில் மர வீடு என்றால் கரையானுக்குப் பந்தி விரித்தது போல. எனவே வீட்டைத் தூண்கள் மேல் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு வாணலியைக் கவிழ்த்து வைத்தார். அவர் மகன் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிப் புகழ்பெற்ற அறுவை மருத்துவர், 1914-இல் பிறந்து அந்த மலையில் வளர்ந்தவர்.

கரையான் வெளிச்சத்துக்கும் காய்ந்த காற்றுக்கும் அஞ்சும். மண்ணால் குழாய் கட்டி அதற்குள்ளேயே ஏறும். தூணில் ஏறி வரும் குழாய் வாணலியின் உட்பக்கத்தில் முட்டும். மேலே போக வேண்டுமானால் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளியே வர வேண்டும். வந்தால் கண்ணில் பட்டுவிடும், தட்டிவிடலாம். ஆக, வாணலி கரையானைக் கொல்வதில்லை, காட்டிக்கொடுக்கிறது. இதை வாணலியின் சாட்சியப் பண்பு எனலாம் (சேந்தமங்கலம் டீக்கடை, வடக்குப் பெஞ்சு, இரண்டாம் டம்ளர்).

இங்கே விடை காணாத வினாக்கள் பல. தூணுக்கு ஒரு வாணலி போய்விட்டால் அடுப்பில் என்ன இருந்தது? கைப்பிடிகள் எத்திசை நோக்கின? ஒரு தரப்பு கிழக்கு என்கிறது (காரவள்ளி பஸ் நிறுத்தம், வாய்மொழித் தரவு, தகவலாளி பஸ் வந்ததும் ஏறிவிட்டதால் பின்பாதி கிடைக்கவில்லை). மறுதரப்போ கைப்பிடியே கிடையாது என்கிறது (மேற்படி நிறுத்தம், அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தவர், அவர் சொன்னதை அவர் மனைவி மறுத்தார், மனைவியின் மறுப்பை மாமியார் ஆமோதித்தது இவ்வட்டாரத்தில் அரிதான நிகழ்வு என்பதால் அது தனிப் பின்னிணைப்பில் தரப்படும்). வாணலியை அதிகாரத்தின் குறியீடாகவும் கரையானை விளிம்புநிலையாகவும் வாசிக்கலாம் என்று இளம் ஆய்வாளர் ஒருவர் முன்மொழிந்தார். அவர் வாணலியையும் பார்த்ததில்லை, கரையானையும் பார்த்ததில்லை. கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இறுதியாக ஊர்திப் பாடு. ஜெஸ்ஸி 1929-இல் காய்ச்சலில் இறந்தார். எவ்லின் தாய்நாடு போய்விட்டுத் திரும்பவும் வந்தார். எழுபதை நெருங்கும் வயதில் மிஷன் அவரை ஓய்வு பெறச் சொன்னது. இன்னும் ஓராண்டு மட்டும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். ஆண்டு முடிந்ததும் ஒழுங்காக ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற கையோடு கொல்லிமலைக்குத் திரும்பிவிட்டார். நிர்வாகக் குழுக்களை இவ்வளவு சட்டப்படி ஏமாற்றியவர் அரிது. அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு மட்டக்குதிரையில் மலை மலையாகச் சுற்றினார். விழுந்தார், எழுந்தார், எலும்பு முறிந்தது, ஏறினார். இடுப்பு முறிந்த ஒரு தடவை கயிறும் கட்டையும் சேர்த்துக் கட்டிய தூளியில் சுமந்து இறக்கி, ஜீப்பில் போட்டு, குண்டும் குழியுமான சாலையில் வேலூருக்கு எடுத்துப் போனார்கள். மலையை விட்டு வந்துவிடும்படி மகன் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்வதையும் நிறுத்திவிட்டார். 1974-இல் 95 வயதில் இறந்தார்.

குதிரைகளின் தரப்பை இதுவரை யாரும் பதிவு செய்யவில்லை. பல்கலைக்கழக நிதி கிடைத்தால் ஒரு குழு மலையேறத் தயாராக இருக்கிறது, காரில்.