பென் டிரைவ் கொடுத்த வாக்குமூலம்

என் மாமனாரின் அறுபதாம் கல்யாணப் படங்கள் மொத்தமும் ஒரே ஒரு பென் டிரைவில் இருந்தன. வேறு எங்கும் நான் காப்பி எடுத்து வைக்கவில்லை. எடுத்துவிட்டதாக வீட்டில் சொல்லி மட்டும் வைத்திருந்தேன். ஆல்பம் போட வேண்டும், படங்களை அனுப்புங்கள் என்று மாமனாரிடமிருந்து போன் வந்த ஞாயிற்றுக்கிழமை, பென் டிரைவைத் தேடி எடுத்துச் செருகினேன்.

டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. தலைவலி என்று போனவனிடம், 'தலையை எடுத்துடலாமா?' என்று டாக்டர் கேட்ட மாதிரி இருந்தது.

கைவைத்தியத்தில் இறங்கினேன். ஊதினேன். பனியனில் துடைத்தேன். அரிசிக்குள் ஒரு ராத்திரி போட்டு வை என்றார் நண்பர். அது தண்ணீரில் விழுந்த போனுக்குச் சொல்லும் வைத்தியம் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மறுநாள் உலை வைக்க அரிசி அளந்த மனைவி, "என்னங்க இது?" என்றாள்.

"வண்டு வராதாம்" என்றேன்.

கடைசியில் எதிர்வீட்டு இன்ஜினீயரிங் பையன் வந்தான். பென் டிரைவின் பூர்வீகத்தை விசாரித்தான். சொன்னேன். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஊரே தொட்ட கம்ப்யூட்டரில் அது செருகப்படாத வாரம் கிடையாது. ஒருமுறை ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறும் நோயோடு திரும்பி வந்தது. வேலை முடிந்ததும், 'பாதுகாப்பாக வெளியேற்று' என்ற வழியை மதிக்காமல் வெடுக்கென்று பிடுங்கியே பழக்கம்.

"உள்ள எலக்ட்ரானை அடைச்சு வெச்சிருக்கு அங்கிள். எழுதி எழுதி அழிச்சா அதோட சுவர் தேயும். அப்புறம் எலக்ட்ரான் கசிய ஆரம்பிச்சுடும்" என்றான். எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் கதையும் அதுதான் என்பதால் உடனே புரிந்தது.

1980களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்த நினைவகமாம் இது. மொத்தமாக அழியும் வேகம் கேமரா ஃபிளாஷை ஞாபகப்படுத்தியதால், உடன் வேலை பார்த்தவர் 'ஃபிளாஷ்' என்று பெயர் வைத்தாராம். மறதிக்காகப் பேர் வாங்கிய பொருளிடமா மாமனாரின் மணக்கோலத்தை ஒப்படைத்தோம் என்று எனக்கு வியர்த்தது.

பையன் நிதானமாக இருந்தான். முதலில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் பென் டிரைவை அப்படியே படியெடுத்தான். அது படிக்க முடிந்த இடங்களை முதலில் வாரிக்கொண்டு, மக்கர் செய்யும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வருகிறது. பந்தியில் கேட்டவர்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு, முறுக்கிக்கொண்டு நிற்கும் சம்பந்தியைக் கடைசியில் கவனிப்பது போல. பிறகு அந்தப் படியில் ஃபோட்டோரெக் என்ற இன்னொரு மென்பொருளை ஓடவிட்டான். அதற்குக் கோப்பின் பெயர், விலாசம் எதுவும் வேண்டாம். ஜேபெக் படம் எல்லாமே ஒரே மாதிரி மூன்று பைட்டில்தான் தொடங்குமாம். நெற்றி நாமத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கும் வித்தை.

படங்கள் வர ஆரம்பித்தன. மாமனார், மாமியார், கலசம், நாதஸ்வரம். மனைவி கண் கலங்கினாள். இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"அழிச்சதுகூட வரும் அங்கிள்!" என்றான் பையன் உற்சாகமாக. நாம் டெலிட் செய்யும்போது பெயரின் முதல் எழுத்தில் ஓர் அடையாளம் போடுவதோடு சரியாம். வீட்டுக்காரர் பெயர்ப்பலகையைத்தான் கழற்றுகிறார், வேறு குடித்தனம் வரும்வரை பழைய ஆள் உள்ளேயேதான் இருக்கிறார்.

அப்படி இருந்த ஒருவர் வெளியே வந்தார். எண்ணாலான பெயர், பிடிஎஃப். போன வருஷம் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு நான் அழித்த ரத்தப் பரிசோதனை முடிவு. எச்பிஏ1சி: 8.4.

"எல்லாம் நார்மல்னு சொன்னீங்களே?"

6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்பது அவளுக்குத் தெரியும். முந்தின மூன்று மாதம் ரத்தத்தில் ஓடிய சர்க்கரையை அந்த ஒற்றை எண் சொல்லிவிடும். என் உடம்பிலும் எதுவும் டெலிட் ஆகவில்லை. நான் வாய் திறப்பதற்குள் அடுத்த படம் வந்தது. அறுபதாம் கல்யாணப் பந்தி. என் இலையில் இரண்டு ஜாங்கிரி, கையில் மூன்றாவது.

கிளம்பும்போது பையன் ஒரு விதி சொன்னான். முக்கியமான எதற்கும் மூன்று பிரதி வேண்டும், இரண்டு வகைச் சாதனத்தில் இருக்க வேண்டும், ஒன்றாவது வேறு ஊரில் இருப்பது நல்லது. எனக்கு அது காதில் ஏறவில்லை. மனைவி கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

இப்போது அந்த ரிப்போர்ட் ஒரு பிரதி அவள் போனில் இருக்கிறது. இன்னொன்று காகிதத்தில், ஃபிரிட்ஜ் கதவில். மூன்றாவது வெளியூரில், மாமனாரின் வாட்ஸ்அப்பில். அவர் இப்போதெல்லாம் ஆல்பத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. காலை ஐந்தரைக்குப் போன் செய்து, "மாப்பிள்ளை, வாக்கிங் கிளம்பியாச்சா?" என்று மட்டும் கேட்கிறார்.