சலதாரை எந்தப் பக்கம், தம்பி?

வா தம்பி, உக்காரு. குன்னூர்ல பழைய பங்களா ஒண்ணு வாங்கிட்டியாம், அதோட பாத்ரூமை நீயே இடிச்சுக் கட்டப் போறியாம், கடைவீதியே பேசுது. கொத்தனார் கூலி எச்சு, சொன்ன நாளைக்கு வர்றதில்லை, வந்தாலும் டீக்கடையில பாதி நேரம். அதனால போன்ல வீடியோ பாத்தே வேலையைக் கத்துக்கிட்டேங்கிற. ரொம்பச் சந்தோசம். அந்த வீடியோக்காரன் அமெரிக்காவுல அட்டைச் சுவத்தைக் கத்தியில அறுத்து, இருபது நிமிசத்துல குளியலறையை முடிச்சுட்டு, பொண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டுறான். உன் சுவரு ஒன்றரை அடி கனம். அதைப் பாத்தா அவன் பொண்டாட்டியே வேண்டாம்னு ஓடிருவான்.

அப்புறம் என்ன வாங்கி வெச்சிருக்க? மழை மாதிரி கொட்டுற ஷவரு! குன்னூர்ல! தென்மேற்கு கொஞ்சம், வடகிழக்கு நெறைய, ரெண்டு பருவமும் இங்க ஓசியில கொட்டுது சாமி. குழாய்லதான் வராது. ரேலியா அணையில தண்ணி எறங்குச்சுன்னா நகராட்சித் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும்னு பக்கத்து வீட்டு அக்காகிட்டக் கேளு. ஷவரை வேணா மாட்டிக்க, ஒறம்பரை வந்தா காட்டலாம். அதுக்குக் கீழ ஒரு பக்கெட்டும் வை.

சரி, கருப்பு டைல்ஸ், தங்கக் கலர் குழாய் எல்லாம் எடுத்தாச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீ குளிச்ச தண்ணி எங்க போவுது? ‘பைப்ல போவுது’ங்கிற. பைப்பு எங்க போவுது? பாத்தியா, மூஞ்சி மாறுது! டைல்ஸ் கடையில நாலு நாள் நின்னவன், வீட்டுப் பின்னால போயி சலதாரையைக் குனிஞ்சு பாக்க நாலு நிமிசம் ஒதுக்கல.

மனசு விட்டுராத, உனக்கு முந்தியே பெரிய மனுசங்க இதே காரியம் பண்ணிருக்காங்க. கோயம்புத்தூர் கலெக்டரு ஜான் சல்லிவன் 1822 வாக்குல ஊட்டியில ஸ்டோன் ஹவுஸைக் கட்ட ஆரம்பிச்சாரு. இன்னிக்கும் அரசு கலைக் கல்லூரி வளாகத்துல நிக்குது. 1823லருந்து 1825க்குள்ள ஏரியையும் வெட்டுனாரு. அதுக்கப்புறம் ஊரு வளந்துது, ஓட்டலு வளந்துது. ஊருச் சாக்கடை கோடப்பமந்து கால்வாயில விழ, கால்வாய் ஏரியில விழ, அந்த ஏரியில நாம குடும்பத்தோட போட்டுல ஏறி போட்டோ புடிச்சுக்கிறோம். ஏரித் தண்ணி அங்கயே நிக்குதா? காமராஜ் சாகர் அணைக்குப் போயி, சீகூர் ஆறா எறங்கி, மோயாத்துல கலந்து, பவானிசாகர்ல சேருது. உங்க குன்னூர் ஆறு அவ்வளவு சுத்தாது, மேட்டுப்பாளையத்துப் பக்கமா எறங்கிப் பவானியில கலந்துரும். என் சம்பந்தி வீடு மேட்டுப்பாளையத்துலதான். நீ என்ன சோப்புப் போடுறேன்னு எனக்குத் தெரியாது, அவுங்களுக்குத் தெரியும்.

மலையில வீடு கட்டுனவனுக்கு எப்பவும் கீழ ஒரு வீடு உண்டு. உன் பங்களாவுக்குக் கீழ தேயிலை, தேயிலைக்குக் கீழ லைன் வீடு. உன் செப்டிக் டேங்கு கசிஞ்சா உனக்கு ஒண்ணும் தெரியாது. லைன்ல இருக்கிறவ வீட்டுப் பின்சுவரு வெயில் காலத்துலயும் ஈரமா இருக்கும். சாக்கடைத் தண்ணி ஊறி ஊறி மண்ணும் எளகிப் போவும். 2009 நவம்பர்ல குன்னூரு, கேத்தி, ஊட்டிப் பக்கம் மண்ணு சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல செத்தாங்க. அது பேய்மழை செஞ்சதுதான், உன் பாத்ரூம் செய்யல. ஆனா அந்த மாதிரி மழை வர்றப்ப சரிவு ஏற்கெனவே ஊறிக் கெடந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்க. அதனால முதல்ல டேங்க் மூடி எங்க இருக்குதுன்னு தேடு. பல பங்களாவுல அது மேல ரோசாச்செடி வெச்சிருப்பாங்க, செடியும் அமோகமா இருக்கும்.

இப்ப உள்ள வா. உன் பாத்ரூம்ல ரெண்டு கதவு இருக்குமே, ஒண்ணு படுக்கையறைக்கு, ஒண்ணு வெளிய பொடக்காணிக்கு? வெளிக்கதவைப் பாத்து ‘அழகா இருக்கு, விண்டேஜ்’னு சொன்னியாம். வெள்ளைக்காரத் தொரை கக்கூசு மரப்பெட்டி மேல உக்காந்து எந்திரிச்சுப் போனதும், அதை எடுத்துட்டுப் போற மனுசன் வீட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாதுன்னு வெச்ச கதவு அது. அதுல என்ன அழகைக் கண்ட? இருந்தாலும் செங்கல் வெச்சு அடைச்சுராத. மேகம் வீட்டுக்குள்ள வந்து படுத்துக்கிற ஊர்ல காத்துப் போற வழி ஒண்ணு இருக்குதுன்னா அதை விட்டு வை.

சுவத்துக்கு வருவோம். நூறு வருசத்து வீட்டுல பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்துதான் இருக்கும், இல்லைன்னா மண்ணுச் சாந்து. ஈரம் உள்ள போனா தானா வெளிய வந்து காஞ்சுக்கும். நீ அது மேல பளபளன்னு சிமெண்டைப் பூசுனா ஈரம் உள்ளயே மாட்டிக்கும். ரெண்டு மழை கழிச்சு அக்கட்டால படுக்கையறைச் சுவத்துல பெயிண்ட் உப்பும். உடனே நீ பெயிண்ட் கம்பெனிக்காரன வைவ. தண்ணி படாத சுவத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சே போதும்.

தரைதான் தம்பி வேலையே. மிச்சமெல்லாம் அலங்காரம். பழைய ரெட் ஆக்சைடு தரையை ஒடைக்கிறதுக்கு முந்தி ஒரு பக்கெட் தண்ணியைக் கொட்டி, எந்த மூலையில தேங்குதுன்னு சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்சுக்க. அந்தக் காலத்துக் கொத்தன் ஓட்டையை எங்க வெச்சான், ஏன் வெச்சான்னு புரியும். புதுத் தரைக்கு எட்டடிக்கு ஒரு இஞ்சு சரிவாவது வேணும். கண்ணால மட்டம் பாக்காத, ரசமட்டம் வை, மட்டக்குழாய் புடி. அப்புறம் வாட்டர் புரூஃபிங் பூச்சு. தரையில மட்டும் பூசிட்டுக் கையைக் கழுவிராத. சுவத்துல ஒரு அடிக்கு ஏத்து, குளிக்கிற பக்கம் தலை மட்டத்துக்கு மேல ஏத்து. பைப் தரையைத் துளைச்சுட்டு வர்ற எடமும் தரையும் சுவரும் சேர்ற மூலையும்தான் திருட்டு வாசல், அங்க ரெண்டு தரம் பூசு. பூச்சு காஞ்சதும் ஓட்டையைத் துணி வெச்சு அடைச்சு, தண்ணி கட்டி, தண்ணி மட்டத்துல சுவத்துல ஒரு கோடு போட்டு, ரெண்டு நாள் கம்முனு இரு. தண்ணி கோட்டுக்குக் கீழ எறங்கலைன்னா டைல்ஸைத் தொடு. எறங்குச்சுன்னா உன் தங்கக் கலர் குழாயைக் கொஞ்ச நாளைக்கு அலமாரியில வெச்சுப் பூட்டு. தரைக்குப் பளபளப்பு டைல்ஸ் போடாத. உனக்கு வழுக்காது, உங்கம்மாவுக்கு வழுக்கும். தரை ஓட்டைக்குக் கீழ வெக்கிற நஹானி ட்ராப்ல ரெண்டு இஞ்சுத் தண்ணி எப்பவும் நிக்கணும். அது வத்துனா சாக்கடை வாடையும் கரப்பானும் வீடு தேடி வரும்.

குழாய் வேலையும் நானேதான்னு அடம் புடிச்சீன்னா, பழைய கேட் வால்வை மட்டும் நம்பாத. முப்பது வருசமா யாரும் திருகாதது, நீ திருகுனா ஒண்ணு மூடாது, இல்லைன்னா கையோட வந்துரும். மேல இருக்கிற தண்ணி டேங்க்லயே அடைச்சுட்டு வேலையைத் தொடங்கு. ஜி.ஐ. பைப்பை ரின்ச் போட்டு முறுக்காத. முறுக்குறது வெளிய, ஒடையறது சுவத்துக்குள்ள இருக்கிற எல்போவாத்தான் இருக்கும். ரம்பத்துல அறுத்து எடு.

கரெண்டு வேலைக்கு மட்டும் லைசென்ஸ் இருக்கிற ஆளைக் கூப்பிடு. கீசருக்கு எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாம சுவிட்சைத் தொடாத. கேஸ் கீசரைப் பாத்ரூமுக்குள்ள மாட்டவே மாட்டாத. குளுருதுன்னு சன்னலைச் சாத்திட்டு நீ குளிப்ப, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கெடையாது, கதவைத் தட்டிச் சொல்லவும் செய்யாது.

எப்ப ஆரம்பிக்கலாம்னு நல்ல நேரம் பாக்குறியா? சோசியர்கிட்டப் போகாத, வானத்தைப் பாரு. ஐப்பசி கார்த்திகையில இங்க துணியே காயாது, வாட்டர் புரூஃபிங் காயுமா? மார்கழி தையில உறைபனி, குளுருல சிமெண்ட் செட்டாகச் சோம்பல் படும். மாசி பொறந்ததும் இடி, சித்திரைக்குள்ள முடி. டைல்ஸை மேட்டுப்பாளையத்துல இருந்து ஏத்துறியா, பத்துக்கு ஒண்ணு எச்சா வாங்கு. கொண்டை ஊசி வளைவுல எத்தனை ஒடையுதுன்னு லாரி டிரைவருக்கே தெரியாது.

கடைசியா, அந்த டேங்க் மூடியத் தேடுன்னு சொன்னேன், எறங்குன்னு சொல்லல. உள்ள விசவாயு இருக்கும். ‘ஒரு ஆளை எறக்கிப் பாத்துரலாம்’னு யாராவது யோசனை சொன்னா வெளிய அனுப்பு. பாதுகாப்புக் கருவி இல்லாம ஆளை எறக்கிச் சுத்தம் பண்றது 2013 சட்டப்படி குத்தம். கழிவு எடுக்கிற லாரிக்கு இன்னிக்கே போன் போட்டுச் சொல்லிரு. டைல்ஸ் கடைக்காரன் நாளைக்கும் இருப்பான்.