மூஞ்சியில ஜெல்லு, ஈரல்ல சீக்கு

ஏங் கண்ணு, மாட்டு மூஞ்சிக்குக் கத்தாழை ஜெல்லு பூசறியாமே? கோயமுத்தூர்ல வாங்கின டப்பாவா? வாசம் தூக்குது போ. மிச்சமிருந்தா எனக்குக் குடு, குதிகால் வெடிப்புக்கு ஆகும். மாட்டுக்கு ஆகாது.

வாட்ஸ்அப்புல போட்டோ எடுத்து நாலு ஊருக்கு அனுப்பினயே, அந்த மாட்டைக் கிட்டப் போயிப் பாத்தயா? கறுப்பும் வெள்ளையுமா இருக்கற கலப்பின மாடு. வெள்ளைத் திட்டு இருக்கற எடமெல்லாம் தோல் வெந்து உரிஞ்சு நிக்குது. ஒட்டினாப்புல இருக்கற கறுப்புத் திட்டுல ஒரு கீறல் கெடையாது. ஒரே மாடு, ஒரே வெய்யில். சொறி சிரங்கு நெறம் பாத்தா வருது? கண்ணு முழியைப் புரட்டிப் பாரு. மஞ்சள் தட்டியிருக்குதா? மூத்திரம் கறுத்துப் போகுதா? சாணி இறுகிப்போச்சா? அப்பச் சீக்கு மூஞ்சியில இல்ல சாமி, ஈரல்ல.

பச்சைப் புல்லு வயித்துல செரிக்கறப்ப அந்தப் பச்சையத்துல இருந்து ஒரு சரக்கு உண்டாவும். நல்ல ஈரலா இருந்தா பித்தத்தோட சேத்து அதை வெளிய தள்ளிப்போடும். ஈரல் கெட்டா? மடை அடைச்ச வாய்க்காத் தண்ணி வரப்பை ஒடைச்சுக்கிட்டுக் கண்ட பக்கம் பாயறாப்புல, அது ரத்தத்துல கலந்து தோலுக்கு வந்துரும். அதும்மேல வெய்யில் பட்டுச்சோ, தோல் வெந்துது. மூஞ்சி, காது, கண் ரெப்பை, மடின்னு மசுரு கொறஞ்ச எடமாப் பாத்துத்தான் மொதல்ல வெடிக்கும். கறுத்த தோலு வெய்யிலைத் தாங்கிக்கும். நம்ம காங்கேயம் மாட்டுக்குத் தோலு கறுப்பு, அதனால மூஞ்சி தப்பிக்கும். ஈரல் தப்பாது, அதையும் கேட்டுக்க.

நியூசிலாந்துல 1938ல இப்படித்தான் ஆடு மாடெல்லாம் மூஞ்சி வீங்கி விழுந்துச்சு. மேச்சக்காட்டுல மக்கிக் கெடக்கற புல்லுச் சருகுல ஒரு பூஞ்சை, அதுதான் திருடன்னு கண்டுபிடிக்க 1958 ஆயிப்போச்சு. இருபது வருசம்! இன்னைக்கு அங்கத்துப் பண்ணயக்காரன் மைக்ராஸ்கோப்புல பூஞ்சை வித்தை எண்ணிப் பாத்துத்தான் மேச்சலுக்கு விடறான். முன்கூட்டியே துத்தநாகமும் குடுக்கறான். ஒடனே போனைத் தொறந்து துத்தநாகம் என்ன வெலைன்னு தேடாத. அது வருமுன் காக்கறதுக்கு. அளவு தப்புனா அதுவே நஞ்சு. தென்னாப்பிரிக்காவுல இதே கூத்து நெருஞ்சியால. நம்ம பக்கமோ, உண்ணிச்செடி.

உன்ற பாட்டன் மாடு மேயற கொறங்காட்டைச் சுத்திக் கிளுவை வேலி நட்டாரு. உள்ள வெள்வேல மரம், கீழ கொழுக்கட்டைப் புல்லு. பாக்கறதுக்குச் சோக்கு இல்லதான். நீ வந்தே, 'லுக்கு' இல்லைன்னு கிளுவையைத் தோண்டிப்போட்டு, நர்சரியில காசு குடுத்துக் கலர் கலராப் பூக்கற செடி வாங்கி நட்டே. அது என்ன செடிங்கறே? உண்ணிச்செடிதான். பேரை மாத்திச் சொன்னா நஞ்சு எறங்கிருமா? அமெரிக்கக் கண்டத்துல இருந்து அழகுக்குன்னு வெள்ளைக்காரன் கொண்டாந்தது. இன்னைக்குப் பர்கூர் மலைப் பக்கம் போயிப் பாரு, காடே அதுதான்.

பச்சை கெடைக்கற வரைக்கும் மாடு அதை மோந்துகூடப் பாக்காது. பசிச்சாத் தின்னும். வெளியூருல இருந்து புதுசா வந்த மாடு தெரியாமத் தின்னும். உன்ற மாட்டுக்கு ரெண்டும் பொருந்துது. சந்தையில வாங்கின புதுசு, பங்குனியில புல்லும் இல்ல. தின்னுச்சு.

எரியறதைப் புடுங்கினாத்தான் கொதிக்கறது அடங்கும். மாட்டை இப்பவே கட்டுத்தாரைக்குள்ள நெழல்ல கட்டு. பச்சைத் தழை வேண்டாம், சோளத்தட்டும் தண்ணியும் வெய்யி. 1962க்குப் போன் போடு, டாக்டர் வண்டி வரும். தின்னது வயித்துலயே தங்கி இன்னும் நஞ்சு ஏத்திக்கிட்டு இருக்கும், அதனால நாளைக்குப் பாக்கலாம்னு படுத்துக்காத. டாக்டர்கிட்ட ஜெல்லுக் கதையைச் சொல்றதுக்கு முன்னால வேலியைக் காட்டு.

பொறவு அந்தச் செடியை வேரோட தோண்டு. பூ கொட்டிக் காய் பழுக்கறதுக்குள்ள தோண்டோணும், இல்லாட்டிக் குருவி தின்னுட்டுப் போயி என்ற காட்டுலயும் வெதைச்சுப்போடும். கிளுவைக் குச்சிக்குக் காசு வேண்டாம், என்ற வேலியிலயே ஒடிச்சுக்க. மழைக்கு முந்தி ஊனிப்போடு. ஒடிக்கறப்ப மட்டும் எங்கூட்டு ஆத்தா கண்ணுல படாம ஒடி.